ஒன்றை நிறுத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்துகிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிக்கு அப்டேட் வந்தால் உடனே போட்டுவிட வேண்டும், தள்ளிப்போடவே கூடாது என்று உங்கள் நாளிதழில் வந்த அறிவுரையைப் படித்தேன். வீட்டு மொபைலுக்கும் பிள்ளைகளின் லேப்டாப்புக்கும் அது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கணினியை நம்பித் தொழில் நடத்துகிறவர்களிடம் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நடப்பது வேறு. அப்டேட் போட்டு ஒருமுறை வேலை கெட்டதும் அவர்கள் பயந்துபோய் அப்டேட்டையே மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். எது தொந்தரவு செய்ததோ அந்த ஒரு பேக்கேஜை, அதாவது அந்த ஒரு மென்பொருள் தொகுப்பை மட்டும் இருந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வழக்கம்போல ஓட விடலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், இடமிருந்தால் முழுவதும் போடுங்கள்.

சாலிகிராமம், வடபழனி பக்கம் இருக்கும் டிஐ (படத்தின் நிறத்தைச் சீர்செய்வது), எடிட்டிங், விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவுகள்) கூடங்களில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் மெஷின்கள் நிறைய. சினிமாவுக்கு வெளியிலும் லினக்ஸ் இப்போது அதிகமாகிவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது, விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறார்கள், அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷினைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுத் தரச் சொல்கிறார்கள். ஆக இது ஸ்டூடியோக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை.

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளையும் ஒவ்வொரு வலைத்தளத்தில் தேடி இறக்க வேண்டியதில்லை. பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் குடும்பத்தில் அதன் பெயர் ஆப்ட், ஃபெடோரா, ராக்கி குடும்பத்தில் டிஎன்எஃப். கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதியில் தொடங்கி கால்குலேட்டர் வரை எல்லாமே அதன் வழியாகத்தான் வரும், போகும். ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பித்துவிடும். உபுண்டுவில் இன்னொன்றும் உண்டு, அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற ஏற்பாடு நாம் கேட்காமலேயே பாதுகாப்புத் திருத்தங்களை தினமும் பின்னணியில் போட்டுக்கொண்டே இருக்கும். நல்ல ஏற்பாடு, பெரும்பாலோருக்கு அதில் கைவைக்கத் தேவையே இல்லை.

சிக்கல் வருவது எங்கே என்றால், என்விடியா கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின்களில். அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் இரண்டு பகுதிகள். ஒன்று கெர்னலுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும் மாட்யூல், இன்னொன்று மற்ற மென்பொருள்கள் பயன்படுத்துவதற்காக வெளியே இருக்கும் லைப்ரரிகள். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ராத்திரி கலரிஸ்ட் (நிறம் சீர்செய்பவர்) மெஷினை அணைக்காமல், காட்சிகளை உருவாக்கித் தரும் ரெண்டர் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். விடியற்காலையில் தானியங்கி அப்டேட் வந்து லைப்ரரிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிடுகிறது. கெர்னலில் ஏறியிருப்பது பழைய மாட்யூல், ரீபூட் பண்ணும் வரை அது மாறாது. காலையில் வந்து பார்த்தால் மென்பொருள் கார்டையே காணோம் என்கிறது, டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில் கேட்டால் ‘டிரைவர் லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று பதில் வருகிறது. ஒரு ரீபூட்டில் சரியானால் பரவாயில்லை. சில சமயம் கெர்னலும் சேர்ந்தே மாறியிருக்கும், அந்தப் புது கெர்னலுக்கு ஏற்றபடி மாட்யூலைக் கட்டமைக்க முடியாமல் போயிருக்கும், ரீபூட் பண்ணினால் கறுப்புத் திரை. வெள்ளிக்கிழமை படம் வெளியீடு, அன்று புதன்கிழமை என்றால் அந்த அறையில் இருப்பவர்கள் நிலைமையை நான் எழுத வேண்டியதில்லை.

இப்படி ஒன்று நடந்த பிறகு ஒரு கூடத்தில், பெயர் வேண்டாம், ஒப்பந்தத்துக்கு வந்த டெக்னீஷியன் என்ன செய்தார் தெரியுமா? தானியங்கி அப்டேட்டை எல்லா மெஷின்களிலும் அணைத்தார், அப்புறம் ரிப்போ (பேக்கேஜ்கள் இறங்கிவரும் களஞ்சியம்) முகவரிகள் இருக்கும் கோப்பையும் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அடுத்த வருஷம் வேறு ஒரு வேலையாக நான் போய்ப் பார்த்தபோது பிரவுசர் முதல், தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வரை எல்லாமே பழையது. நிறுத்த வேண்டியிருந்தது என்விடியா டிரைவரையும் கெர்னலையும் மட்டும்தான். ஒரு அறையில் விளக்கு மினுக்கினால் அந்த சுவிட்சைத்தானே அணைப்போம், மெயினைப் பிடுங்கிவிட்டு வருஷம் முழுக்க இருட்டில் உட்கார மாட்டோமே. உரிமையாளர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சர்வீஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வருகிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும்.

மொத்தமாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் இருக்கிறது. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீம்பொருள் பரவியது, இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே முடங்கின, நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் கையில் மருந்து இருந்தும் போடாத மெஷின்கள்தான் பெரும்பாலும் மாட்டின. அவர்கள் எல்லோரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது, எதையாவது தொட்டால் ஸ்கேன் மெஷின் நின்றுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்திருக்கும். அந்தப் பயம் நியாயமானது என்றுதான் நான் சொல்கிறேன், அதற்கு அவர்கள் கண்ட வழிதான் தப்பு.

சரி, வழி என்ன? உபுண்டு, டெபியன், மின்ட் எதுவானாலும் டெர்மினலில் சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட் (sudo apt-mark hold) என்று அடித்துப் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு மொத்த அப்டேட் போட்டாலும் அந்த ஒன்று நகராது, தானியங்கி அப்டேட்டும் அதைத் தொடாது. யாராவது தெரியாமல் அதை நீக்கப் பார்த்தாலும் ஆப்ட் தடுத்துக் கேட்கும். விடுவிக்க ஹோல்ட் என்ற இடத்தில் அன்ஹோல்ட் (unhold), எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறோம் என்று பார்க்க ஷோஹோல்ட் (showhold). இவ்வளவுதான். ராக்கி, ஃபெடோராவில் டிஎன்எஃப்-க்கு வெர்ஷன்லாக் (versionlock) என்ற பிளக்இன் இருக்கிறது, அதே வேலை. கட்டளை அடிக்கக் கூச்சப்படுகிறவர்கள் மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் பேக்கேஜ் மேல் ரைட் கிளிக் பண்ணினாலே இந்த ஒரு பதிப்பை மட்டும் ஒதுக்கவா, இனி வருவது எல்லாவற்றையும் ஒதுக்கவா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் அபிப்பிராயம், கெட்டுப்போன பதிப்பு போய் அடுத்தது வரும்போது தானாகவே உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

ஸ்னாப் என்ற, ஆப்டைச் சேராத தனி வழியில் வரும் மென்பொருளுக்கு மட்டும் இது செல்லாது. உபுண்டு 22.04-லிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது, ஆப்டில் ஹோல்ட் போட்டேன், ஆனாலும் மாறிவிட்டது என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. அதற்கு ஸ்னாப் ரிஃப்ரெஷ் என்ற கட்டளையிலேயே ஹோல்ட் என்று (snap refresh --hold) சேர்க்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு என்றும் கொடுக்கலாம், நேரம் முடிந்தால் தானாக விட்டுவிடும். இந்தக் கெடு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆப்டில் அது இல்லை. ஆப்டில் போட்ட ஹோல்ட் யாராவது எடுக்கும் வரை அப்படியே கிடக்கும், ஏன் போட்டோம் என்றும் அதற்குத் தெரியாது, யார் போட்டார் என்றும் தெரியாது.

ஹோல்ட் போடக் கற்றுக்கொண்டவர்களிடம் நான் அடுத்துப் பார்ப்பது பாதியை மட்டும் பிடித்து வைப்பது. என்விடியா டிரைவர் என்று ஒரு பேக்கேஜ் பெயரில் ஹோல்ட் போட்டுவிட்டு, அதோடு வரும் லைப்ரரிகளையும், மாட்யூலைக் கெர்னலுக்கு ஏற்பக் கட்டமைக்கும் டிகேஎம்எஸ் பேக்கேஜையும் விட்டுவிடுவார்கள். இவை ஒன்றுக்கொன்று சரியாக அதே பதிப்பைக் கேட்பவை, ஒன்றைப் பிடித்தால் மற்றவையும் இழுபட்டு நிற்கும், இல்லையென்றால் ஆப்ட் ஒத்துவராது என்று முரண்டு பிடிக்கும். அதனால் குடும்பத்தோடு பிடித்து வைப்பதுதான் வழி. டிரைவரைப் பிடித்தால் கெர்னலையும் பிடிக்க வேண்டும், அதிலும் லினக்ஸ்-ஜெனரிக், லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் என்ற மூன்றையும். இவை புதுக் கெர்னலை இழுத்துவரும் பேக்கேஜ்கள், இவற்றை விட்டுவிட்டு இப்போதைய கெர்னலின் நம்பரில் ஹோல்ட் போட்டால் பயனில்லை, புது நம்பரில் இன்னொரு பேக்கேஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு அடுத்த ரீபூட்டில் அதுதான் கிளம்பும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், கெர்னலைப் பிடித்து வைத்தால் கெர்னலின் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். இதுதான் ஹோல்ட் போடுவதற்கு நாம் கொடுக்கும் விலை. லைப்ரரிகளில் இது இன்னும் மோசம். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற ஒன்றைப் பிடித்து வைத்தால் அதை நம்பியிருக்கும் எத்தனையோ மென்பொருள்கள் சேர்ந்தே பழைய ஓட்டையோடு நிற்கும். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். டேட்டாபேஸில் வேறு மாதிரி. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள், பல ஸ்டூடியோக்களில் நிறம் சீர்செய்யும் கிரேடிங் புராஜெக்ட்கள் அதில்தான் சேமிக்கப்படுகின்றன. அதன் பெரிய பதிப்பு வருஷத்துக்கு ஒருமுறை மாறும், பழைய டேட்டாவைப் புதிய பெரிய பதிப்பு நேராகத் திறக்காது, முறையாக மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் அதே வரிசைக்குள் வரும் சின்னப் பதிப்புகள் டேட்டாவை அப்படியே திறக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றில்தான் வருகின்றன. ஆகவே 14-லிருந்து 15-க்குத் தாவுவதைத் தடுக்க வேண்டும், 14-க்குள் நடப்பதைத் தடுக்கக் கூடாது.

இந்த மாதிரி இடங்களுக்கு ஹோல்டைவிட பின்னிங் நல்லது. ஆப்டுக்கு ப்ரிஃபரன்ஸஸ் என்று ஒரு கோப்புறை உண்டு, அதில் ஒரு சின்னக் கோப்பு எழுதி, இந்த பேக்கேஜில் இந்த வரிசையில் வருவதை மட்டும் ஏற்றுக்கொள் என்று நட்சத்திரக் குறி போட்டுச் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் முன்னுரிமை, சாதாரணமாக வரும் புதிய பதிப்புக்கு 500, ஏற்கெனவே போட்டிருப்பதற்கு 100, 1000-க்கு மேல் கொடுத்தால் பழைய பதிப்புக்குக்கூட இறங்கிப் போகும், மைனஸில் கொடுத்தால் உள்ளேயே விடாது. அந்தக் கோப்பில் எக்ஸ்பிளனேஷன் என்று ஒரு வரி எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். கணினி அதைப் படித்து ஒன்றும் செய்யாது. நமக்குப் பின்னால் வருகிறவருக்காகவே வைத்த வரி அது. என்ன காரணத்துக்கு, எந்தத் தேதியில், யார், எப்போது எடுக்கலாம் என்று அதில் எழுதிவிடலாம். இவ்வளவு யோசித்து வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள், நான் பார்த்த மெஷின்களில் அந்த வரியை எழுதியவர்கள் ரொம்பக் குறைவு.

எப்போது எடுப்பது என்பதற்கு எங்கள் தொழிலில் காலண்டரே பதில் சொல்லும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் படம் வருகிறது என்றால் அதற்கு முந்தைய வாரங்களில் எதையும் மாற்றக்கூடாது, அப்போது டிரைவரையும் கெர்னலையும் பிடித்து வையுங்கள், தப்பே இல்லை. படம் வெளியானதும் கூடம் காலியாக இருக்கும், அப்போது ஒரே ஒரு மெஷினில் ஹோல்டை எடுத்துப் புதுசைப் போட்டு, பழைய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து ரெண்டர் கொடுத்துப் பார்த்து, சரியாக வந்தால் மற்ற மெஷின்களுக்கும் போடலாம். வரவில்லை என்றால் மறுபடி பிடித்து வைத்துப் புதிய தேதி எழுதுங்கள். மற்ற அலுவலகங்களுக்கும் இப்படி ஒரு காலம் இருக்கும்தானே, ஆடிட்டருக்கு ரிட்டர்ன் தாக்கல் முடிந்த பிறகு, பள்ளிக்குக் கோடை விடுமுறை. தேதி இல்லாத ஹோல்டும் அந்த டெக்னீஷியன் செய்ததும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

இதையெல்லாம் சொன்னால் ஒரு வாதம் திரும்பி வருகிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் வந்ததே, புதுசு போட்டவன்தானே மாட்டினான், பழசோடு இருந்தவன் தப்பித்தானே என்கிறார்கள். எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைத் தற்செயலாகக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை வெளியே கொண்டுவந்தார், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு, ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பதிப்புகள் போய்ச் சேர்ந்தது டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு போன்ற இடங்களுக்குத்தான். டெபியன் ஸ்டேபிள், அதாவது அதன் நிலையான வெளியீட்டை வைத்திருந்தவர் தினமும் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தாலும் அவருக்கு அது வரவே இல்லை, ஏனென்றால் ஸ்டேபிளில் பதிப்பு எண் தாவாது, ஓட்டைகளுக்கான திருத்தங்கள் மட்டும் பழைய பதிப்பிலேயே சேர்க்கப்பட்டு வரும். அவரைக் காப்பாற்றியது அந்த ஏற்பாடு. அப்டேட் போடாமல் இருப்பதற்கு எக்ஸ்இசட்டை யாரும் சாட்சிக்கு அழைக்க முடியாது. தொழில் நடக்கும் மெஷினில் ஆர்ச் போல எந்நேரமும் புதுசு வரும் லினக்ஸைப் போட்டுவிட்டு, அதில் பாதி பேக்கேஜ்களைப் பிடித்து வைக்க நினைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆர்ச் செய்பவர்களே பாதி அப்கிரேடுக்கு ஆதரவு இல்லை என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்டேட் போடும்போது சில பேக்கேஜ்கள் ‘கெப்ட் பேக்’ (நிறுத்தி வைக்கப்பட்டவை) என்று வந்தால் யாரோ ஹோல்ட் போட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். உபுண்டு சில அப்டேட்களைப் படிப்படியாக, கொஞ்சம் கொஞ்சம் மெஷின்களுக்காக விடுகிறது, உங்கள் முறை வரும் வரை அது அப்படித்தான் நிற்கும். ஷோஹோல்ட் அடித்துப் பாருங்கள், பட்டியல் காலியாக இருந்தால் காத்திருங்கள், அவ்வளவுதான்.

உங்களிடமும் மற்றவர்களிடமும் எனக்குச் சில கோரிக்கைகள். சென்னையில் பொறியியல், பாலிடெக்னிக், கலைக் கல்லூரி எதை எடுத்தாலும் லினக்ஸ் லேப் இருக்கிறது. கோப்பை நகலெடுப்பது, ஷெல் ஸ்கிரிப்டில் பெருக்கல் வாய்ப்பாடு எழுதுவது என்று பயிற்சி கொடுக்கிறார்கள், பேக்கேஜ் மேனேஜரை வைத்து ஒரு மெஷினை வருஷக்கணக்கில் நல்லபடியாகக் காப்பாற்றுவது எப்படி என்று ஒரு வகுப்புகூட இல்லாமல் வெளியே வரும் பிள்ளைகளைத்தான் நான் வேலைக்கு வரும்போது பார்க்கிறேன். டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை உருவாக்கிய, மத்திய அரசின் சி-டாக் மையம் இதே ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் தமிழில் பத்துப் பக்கத்தில் ஒரு கையேடு போட்டால் பள்ளிகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் எவ்வளவு உபயோகமாக இருக்கும்! பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிற உரிமையாளர்கள், எந்த மெஷினில் எது பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, காரணம் என்ன, எடுக்க வேண்டிய தேதி எது என்ற பட்டியலை மாதம் ஒருமுறை எழுத்தில் தரச் சொல்லி அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். டெக்னீஷியன் மாறும்போது சாவியோடும் பாஸ்வேர்டோடும் இந்தப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பழைய உபுண்டு, டெபியனிலிருந்து அடுத்த வெளியீட்டுக்குப் போகப்போகிறவர்கள் அதற்கு முன்னால் ஷோஹோல்ட் பார்த்தே ஆக வேண்டும், மறந்துபோன ஒரு ஹோல்ட் பாதி வழியில் அந்த வேலையை நிறுத்திவிடும்.

ஆசிரியர் அவர்களே, உடனே அப்டேட் செய்யுங்கள் என்ற அறிவுரையை அடுத்த முறை போடும்போது, தொழிலுக்குக் கணினி வைத்திருப்பவர்களுக்காக இந்த ஹோல்ட் கட்டளையையும், அதைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் ஒரு கட்டத்தில் சேர்த்துப் போடுங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் அதில் ஒரு வரி போதும், அப்டேட்டை 35 நாள் வரை தள்ளிவைக்க செட்டிங்ஸிலேயே வசதி உண்டு, சர்வீஸையே முடக்கிவைக்கத் தேவையில்லை. எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நான் தயார்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ கணினிகளைப் பராமரிக்கும் வாசகர்,
சாலிகிராமம், சென்னை - 93.